வேலிக்கு வெளியே நின்ற குட்டி

நான் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்று கேட்பவர்களுக்காக ஒரு கதையைத் தயாராக வைத்திருக்கிறேன். மாணவர்கள் கேட்பார்கள், எப்போதாவது பத்திரிகைக்காரர்களும் கேட்பார்கள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது வாராவாரம் ஒரு காப்பகத்துக்குப் போனேன், அங்கே யாரிடமும் பேசாத ஒரு பெண் இருந்தார், நான் கோணல்மாணலாக ஓர் ஆடு வரைந்தேன், அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் வாயைத் திறந்தார். அவ்வளவுதான் கதை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஒருவர் இருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் உண்டு. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் கதையை எந்த இடத்தில் நிறுத்துகிறேன் என்பதில்தான் என் யோக்கியதை இருக்கிறது. இத்தனை வருடங்களில் கேட்பவர்களிடம் ஒருமுறைகூட நான் ஆட்டைத் தாண்டிப் போனதில்லை. வெட்கம்தான் காரணம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் பிரிண்டிங் பட்டறை. நீள நீளமான மேஜைகளில் வெட்டிய பனியன் துணிகளை வரிசையாகப் பரப்பி, அதன்மேல் ஸ்கிரீனை வைத்து ரப்பர் பட்டையால் கலரை இழுப்பார்கள். வாத்து, பலூன், பூனை, கார், அர்த்தம் தெரியாத வெளிநாட்டு எழுத்து எல்லாம் எங்கள் கொல்லைப்புறத்தில்தான் துணியில் இறங்கின. எங்கள் வீட்டுச் சாம்பாரில்கூடக் கலர் பசையின் வாசனை இருக்கும் என்று என் சிநேகிதிகள் கேலி செய்வார்கள். திருப்பூரில் யார் வீட்டில் எந்த வாசனை என்பதை வைத்தே அவர்களுக்கு என்ன தொழில் என்று சொல்லிவிடலாம். நான் படம் வரையக் கற்றுக்கொண்டதும் அந்தப் பட்டறையில்தான், வீணாய்ப்போன ட்ரேசிங் தாள்களின் பின்பக்கத்தில்.

பிளஸ் டூ படிக்கும்போது பள்ளி நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. ஏதோ ஒரு நாட்டில் மனநல மருத்துவமனையில் நோயாளிகளைப் படம் வரைய வைக்கிறார்கள், வாயால் சொல்ல முடியாததை அவர்கள் கையால் சொல்லிவிடுகிறார்கள், அதற்கு ஆர்ட் தெரபி என்று பெயர் என்று போட்டிருந்தது. எனக்கு அது பித்துப்போலப் பிடித்துக்கொண்டது. இங்கே அப்படி ஒரு படிப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சைக்காலஜி பி.ஏ. இருந்தது. அங்கே ஒரு மேடம் இருந்தார். வெளிநாட்டில் கொஞ்ச காலம் இதைப் பார்த்துவிட்டு வந்தவர். முதலில் மூன்று வருடம் மனசைப் படி, கூடவே கையையும் பழக்கு, அப்புறம் பெங்களூரில் மேல்படிப்பு, அதற்கப்புறம் உன் சாமர்த்தியம் என்று அவர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் யாருக்கும் இது பிடிபடவில்லை. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னைக் கண்டால், பைத்தியத்துக்கு வாத்தியார் வந்தாச்சு என்பார்கள். படம் போடுகிறதற்கு எதற்குப் பரீட்சை என்று அப்பாவுக்கு உண்மையாகவே சந்தேகம். எங்கள் பட்டறையில் படம் போடுகிற டிசைன் அண்ணன் எட்டாவதைத் தாண்டாதவர், அவர் கையைப் போல யாருக்கு வரும் என்று கேட்பார். கடைசியில் மூன்று வருடத்துக்கு மட்டும் சம்மதம் கிடைத்தது. அதற்குமேல் பெங்களூர் பேச்சை எடுத்தால் அப்பா எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார். நானும் காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்பி, எப்படியாவது இந்த மனுஷனைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் படித்தேன். அந்த நினைப்புதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

கடைசி வருடம் ப்ராஜெக்ட். திருப்பூருக்கு வெளியே, முதலிபாளையம் போகும் வழியில், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு காப்பகத்துக்குச் சனிக்கிழமை தோறும் போக மேடம் கடிதம் கொடுத்தார். மனம் சரியில்லாமல் வீட்டாரால் விடப்பட்ட பெண்கள் முப்பது பேர் ஒரு கட்டடத்தில். அதே காம்பவுண்டில் எதிர்ப்பக்கம் அனாதைப் பெண் குழந்தைகளுக்கு ஒரு விடுதி. கிளம்பும் முன் மேடம் எனக்கு மூன்று விஷயங்களைச் சொன்னார். படம் வரைந்தவருக்குத்தான் சொந்தம், அவரைக் கேட்காமல் யாரிடமும் காட்டாதே. படத்துக்கு நீ அர்த்தம் சொல்லாதே, அவரைக் கேள். அவர் கோட்டை நீ திருத்தாதே. மூன்றையும் நோட்டில் எழுதி, சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. கோடு ரொம்ப நேராக இருக்கிறது.

அந்த அக்காவை அங்கேதான் பார்த்தேன். மடத்துக்குளம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகித் திருப்பூர் வந்து ஒரு பனியன் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்த்து மடித்து அடுக்கும் வேலை செய்தவர். வீட்டுக்காரர் செத்த பிறகு மனம் தடுமாறிப்போனது. புருஷன் வீட்டார் அவரைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, மூன்று வயதுப் பெண் குழந்தையை மடத்துக்குளம் பக்கம் தங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது நடந்து இரண்டு வருடம். அதற்குப் பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை, அவரும் யாரிடமும் பேசவில்லை. இவ்வளவையும் முதல் நாள் பொறுப்பாளர் சிஸ்டர் எனக்குச் சொன்னார்.

தாளும் கிரயானும் கொடுத்தால் அக்கா கிரயானைத் தள்ளி வைத்துவிட்டுத் தாளை மடிப்பார். இரண்டு பக்கமும் உள்ளே திருப்பி, கீழிருந்து மேலே ஒரு மடிப்பு, உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. அப்படியே டி-சர்ட் மடிப்பது போல. நான் கொண்டுபோன வரைதாள் முழுவதும் கம்பெனி மடிப்பாக மேஜை மூலையில் அடுக்கி இருக்கும். ஐந்து சனிக்கிழமை இதே கதைதான். ஆறாவது சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் சாந்த சொரூபி என்று யாராவது நினைத்தால் அவர்கள் என்னை அறியாதவர்கள். அவர் முன்னாலேயே ஒரு தாளை வெடுக்கென்று இழுத்து, ஏதாவது வரைவோம் என்று ஓர் ஆட்டை வரைந்தேன். வாத்தும் பூனையும் பார்த்து வளர்ந்தவள். ஆட்டை உற்றுப் பார்த்ததே இல்லை. அது நாய்க்கும் கழுதைக்கும் நடுவே எதுவாகவோ நின்றது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த கிரயானைப் பிடுங்கினார்.

"ஆட்டுக்கு இப்புடியா காது நிக்கும்? தொங்கோணுமுங்க."

சொல்லிவிட்டுக் காதைத் தொங்கவிட்டார், கொம்பு வைத்தார், தாடி வைத்தார். அவ்வளவுதான். நான் ஊருக்கெல்லாம் சொல்கிற கதை இங்கே முடிகிறது. அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை அழுகையாக வந்தது, சந்தோஷத்தில்தான். கண்டக்டர் என்னம்மா ஆச்சு என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் வாராவாரம் வரைந்தார். எப்போதும் ஒரே படம். ஒரு கிளுவை வேலி, வட்டமாக. உள்ளே ஏழெட்டு வெள்ளாடு. சிலதுக்குக் கால் ஐந்து, சிலதுக்கு ஆறு. காதுகளுக்கு மட்டும் சிவப்பு. வேலிக்கு வெளியே, தாளின் ஓரத்தில், தனியாக ஒரு குட்டி. அது எப்போதும் வெளியேதான் நிற்கும். தாள் பெரியதானால் குட்டியும் இன்னும் தள்ளிப் போய் நிற்கும். நான் ஒருமுறை, விதிப்படி, அது யார் என்று கேட்டேன். குட்டி என்றார். ஏன் வெளியே நிற்கிறது என்று கேட்டேன்.

"அது மேயப் போயிருந்துச்சுங்க. அதுக்குள்ள வேலி கட்டிப்போட்டாங்க."

இதை மேடத்திடம் சொன்னேன். குட்டியை உள்ளே கொண்டுவரச் சொல்லி வாய்தவறிக்கூடக் கேட்டுவிடாதே என்றார். உள்ளே வருவதும் வராததும் அந்த அம்மாவின் கையில் இருக்கிறது. ஒரு வருடம் ஆகலாம், வராமலே போகலாம். நீ பக்கத்தில் உட்கார்ந்திரு, அதுதான் உன் வேலை. நான் தலையாட்டினேன். அதையும் நோட்டில் எழுதினேன்.

ரெக்கார்டு எழுதுவதற்காக அந்தப் படங்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் அவற்றைப் பரப்பி வைத்துத் தேதி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரம் பட்டறையில் ஒரே புகைச்சல். குழந்தைகள் டி-சர்ட்டுக்குப் புது டிசைன் கேட்டிருந்த, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக ஆர்டர் கொடுக்கிற பையிங் ஏஜெண்ட், டிசைன் அண்ணன் போட்ட அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாம் பழசு, எல்லாம் ஒரே மாதிரி என்று ஒரே பேச்சு. மறுநாள் காலைக்குள் புதுசாக ஏதாவது காட்டாவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். அப்பா காபி டம்ளரோடு என் பின்னால் வந்து நின்றார்.

"இதாரு போட்டது, கண்ணு?"

காப்பகத்தில் ஒரு அக்கா என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு படமாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ஆறு கால் ஆட்டைப் பார்த்துச் சிரித்தார். சிவப்புக் காதை விரலால் தொட்டார். என் புத்தகத்தையோ மார்க் ஷீட்டையோ அவர் அப்படிப் பார்த்ததே கிடையாது.

"இதத்தான் நீ படிக்கிறியா? நானென்னமோன்னு நெனச்சேன்."

இந்த இடத்தில் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. அப்பா கேட்கக்கூட இல்லை. கேட்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைத்தான் பார்த்தார். இது நோயாளிகள் வரைந்தது, வெளியே கொடுக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷன் மறுபேச்சு இல்லாமல் போயிருப்பார். அடுத்தவர் பொருளைத் தொடாதவர். நானே முந்திக்கொண்டு, உங்களுக்கு உதவுமென்றால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஃபைலிலிருந்து குண்டூசியைக் கழற்றி என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அப்போது என் மனசில் அக்கா இல்லை. பெங்களூர் இருந்தது.

பட்டறையில் டிசைன் அண்ணன் படத்தை வெளிச்ச மேஜையில் ஒட்டி, மேலே ட்ரேசிங் தாளைப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன், ஏதோ நானே வரைந்தது போலப் பெருமையாக. அவர் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சின்ன சைஸ் சட்டைக்கி இந்த அகலம் நிக்காதுங்க அம்மிணி. இந்தக் குட்டி ஒண்ணுதான் தனியா நீட்டிட்டு நிக்கிது. வேலிக்குள்ள தள்ளிப்போட்டுரட்டுங்களா?"

தள்ளிப்போடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, சீக்கிரம் முடிந்தால் சரி என்று சொன்னேன். அவர் ட்ரேசிங் தாளைக் கொஞ்சம் நகர்த்தி, பெரிய ஆட்டின் வயிற்றுக்குக் கீழே குட்டியை வரைந்துவிட்டார். அரை நிமிஷ வேலை. ஒரு வருடம் ஆகலாம், வராமலே போகலாம் என்று மேடம் சொன்ன காரியம்.

சாம்பிள் போன வேகத்தில் ஓகே ஆகி வந்தது. பட்டறையில் நாலைந்து வாரம் வேறு எந்த டிசைனும் ஓடவில்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளைத் துணியில் சிவப்புக் காது ஆடுகள் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த பேச்சுக்குத் தாவுகிற மாதிரி, பெங்களூருக்கு எப்போ அப்ளிகேஷன் போடோணும் என்று கேட்டார். நான் சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அம்மா என் தலையைத் தடவினாள். அன்றைக்கு எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில், கலர் கொஞ்சம் தள்ளிப்போய் ரிஜெக்ட் ஆன சட்டைகள் இரண்டு மூட்டை மிஞ்சின. பொதுவாக அதைக் காதர்பேட்டை பனியன் கடைகளில் மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். அப்பா நல்ல மனசோடு, நம்ம பிள்ளை படிக்கிற இடத்துக் குழந்தைகளுக்குப் போகட்டும் என்று வேனில் ஏற்றிக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் சனிக்கிழமை. நான் கேட்டைத் திறந்தபோது வாசல் முழுக்கக் குழந்தைகள். இருபது இருபத்தைந்து பேர், அத்தனை பேர் நெஞ்சிலும் அக்காவின் ஆடுகள். ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சின்னக் குழந்தையைத் தன் முன்னால் நிறுத்தி, சட்டையின் கீழ்விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, சுருக்கம் இல்லாமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் டேமேஜ் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

 ஓடிவிடலாமா என்று இருந்தது. தப்புப் பண்ணிவிட்டேன், கேட்காமல் எடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே பக்கத்தில் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை.

"குட்டி உள்ள வந்திருச்சுங்க" என்றார்.

நான் அந்தச் சட்டையைக் குனிந்து பார்த்தேன்.

"நீங்களா அம்மிணி உள்ள உட்டீங்க?"

இல்லைங்க்கா, சட்டையில் இடம் பத்தவில்லை, டிசைன் போடுகிறவர் தள்ளிப்போட்டார். இதுதான் உண்மை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நாலு மாதத்தில் நான் பார்க்காத வெளிச்சம். திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு அது கிடைத்ததும் விட மனசு வரவில்லை. ஆமாங்க்கா என்றேன்.

அக்கா குழந்தையின் சட்டையை விட்டார். அது ஓடிப்போயிற்று. அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று கேட்டார்.

"அப்ப எப்பங்க கூட்டியாறீங்க, என்ர புள்ளய?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை. வேலி கட்டினவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். குட்டியை உள்ளே விடுகிற கை என் கை என்று நானே இப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தேன். சீக்கிரம்ங்க்கா என்றேன். வாய்க்கு வந்த வார்த்தை அது. பஸ் எப்போ வரும் என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னேன்.

அன்றே அக்கா ஒரு படம் வரைந்தார். வேலி, ஆடுகள், உள்ளே குட்டி. வெளியே ஒன்றும் இல்லை. அதை நான் ரெக்கார்டில் கடைசிப் படமாக ஒட்டி, நோயாளி தாமாகவே குட்டியை வேலிக்குள் கொண்டுவந்தார் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். மேடம் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று கேட்டார். இல்லை மேடம் என்றேன். வகுப்பிலேயே எனக்குத்தான் முதல் மதிப்பெண். பெங்களூருக்கு அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில், நோயாளியின் வேகத்துக்குக் காத்திருக்கத் தெரிந்த மாணவி என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறந்தால் தேவலை.

அதன்பின் சனிக்கிழமைகளில் அக்கா மேஜைக்கு வருவதில்லை. தலை வாரி, பூ கிடைத்தால் பூ வைத்து, கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். நான் இறங்கி நடந்து வரும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். யாரும் இல்லை என்று தெரிந்ததும், இன்னிக்கு இல்லீங்களா என்பார், என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற மாதிரி மெதுவாக. அடுத்த வாரம் பார்க்கலாங்க்கா என்பேன். மூன்று வாரம் இப்படி. நாலாவது வாரம் பரீட்சை நெருங்குகிறது என்று சிஸ்டருக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டுவிட்டுப் போவதை நிறுத்திக்கொண்டேன். பரீட்சைக்கு இரண்டரை மாதம் இருந்தது.

பெங்களூருக்குப் போகும் முன் சிஸ்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த அம்மா சனிக்கிழமையானால் கேட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார், ஒருமுறை வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டிருந்தார். கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். போய் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அவர் நொறுங்கிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நொறுங்கியிருக்கக்கூடியது நான் எனக்குப் போட்டுக்கொண்ட வேஷம்தான். போகவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் போனேன். மனம் திருந்திப் போனதாக நினைத்துவிட வேண்டாம். வேலைக்கு விண்ணப்பிக்க, களப்பயிற்சி செய்ததற்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. அதே வேப்பமரம். கேட்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. சிஸ்டர் கொஞ்சம் இளைத்திருந்தார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். அக்கா எங்கே என்று அதன் பிறகுதான் கேட்டேன். அவருடைய அண்ணன் என்று ஒருவர் வந்து ஆறு மாதத்துக்கு முன் கூட்டிக்கொண்டு போனார் என்றார். கேரளத்துப் பக்கம் எங்கேயோ எஸ்டேட் வேலை. அங்கே கடிதம் போட்டதற்குப் பதில் இல்லையாம்.

சிஸ்டர் எழுந்து பீரோவைத் திறந்து ஒரு பொருளை எடுத்து என் முன்னால் வைத்தார். அட்டை வைத்து மடித்த ஒரு டி-சர்ட். இரண்டு பக்கமும் உள்ளே திருப்பி, கீழிருந்து மேலே மடித்து, ஓரம் பிசகாமல், படம் சரியாக நடுவில் தெரியும்படி. சிவப்புக் காதுகள். பெரிய ஆட்டின் வயிற்றுக்குக் கீழே குட்டி.

அந்த மூட்டையிலிருந்து அக்கா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதாம். ஒவ்வொரு சட்டையின் லேபிளாகப் பார்த்து, பிள்ளை இத்தனை நாளில் வளர்ந்திருக்கும் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தாராம். அண்ணனோடு கிளம்பும்போது சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னதைச் சிஸ்டர் அப்படியே சொன்னார்.

"அம்மிணி புள்ளயக் கூட்டியாந்தா போட்டு உடுங்கன்னு சொன்னாங்க. நீங்க கூட்டிட்டு வர்றதாச் சொல்லியிருந்தீங்களாமே?"

ஆமாம் சிஸ்டர் என்றேன். சட்டை, ட்ரேசிங் தாள், அக்கா கேட்டது, நான் சொன்னது என்று எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெரிய பதிவேடு ஒன்றை இழுத்துப் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். மடத்துக்குளம் பக்கத்துக் கிராமம், கொழுந்தனார் பெயர், வீட்டு அடையாளம், எல்லாம் நீல மையில் இருந்தது.

"அட்ரஸ் மொத நாள்ல இருந்து இங்கதான் இருக்கு. கேட்டிருந்தா நானே உங்ககூட வந்திருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே."

கேட்கவில்லை. அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற மூன்று சனிக்கிழமையும் அந்தப் பதிவேடு பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறது. அவர் கேட்டதை நான் நோயின் பேச்சாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்கிறாள், அதற்கு யாரைக் கேட்க வேண்டும், எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவள் அல்லவா.

சான்றிதழ் வைத்திருந்த உறையின் பின்பக்கத்தில் அந்த முகவரியை எழுதிக்கொண்டேன். சட்டையைப் பையில் வைத்தேன். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் வேலை வாங்கினேன்.

இப்போது நான் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். முதல் நாள் மேடம் சொன்ன மூன்று விஷயங்களையும் சொல்கிறேன். அவர்கள் எழுதிக் கோடு போட்டுக்கொள்கிறார்கள். சட்டை என் அலமாரியில், பிரிக்காமல், அதே மடிப்பில் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கான சைஸ். அந்தப் பிள்ளைக்கே இப்போது அந்த வயதில் ஒரு பிள்ளை இருக்கலாம். மடத்துக்குளத்துக்கு உடுமலையில் ஒரு பஸ் மாற வேண்டும், காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடலாம் என்று அன்று சிஸ்டர் வழி சொன்னார். நான் இன்னும் போகவில்லை.